காலையில் அடித்த மருந்து

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை ஒட்டிய ஒரு கட்டடம். கீழே குளியலறைக் குழாய் விற்கிற கடை. மேலே இரண்டாவது மாடியில் இருபத்திரண்டு பேர் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க விவசாயிகளோடு பேசிக்கொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் கூப்பிடலாம். வாழையில் நோயா, கத்திரியில் புழுவா, சொன்னால் போதும். எதிரே இருக்கிற திரையில் மருந்தின் பெயரும் அளவும் வந்து நிற்கும். அதைப் பதமாகப் படித்துச் சொல்வதுதான் வேலை. அந்த இருபத்திரண்டு பேரில் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் உள்ளவர்களை எண்ண ஒரு கை விரலே அதிகம்.

பாஞ்சாலிக்கு நிலமும் கிடையாது, நிலம் வைத்திருக்கிற சொந்தக்காரர்களும் கிடையாது. அடையாறு ஆற்றோரக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். தெருவில் பாதிப் பேரை வீட்டைக் காலி பண்ண வைத்து, லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருக்கிற பாதியில் இவள் வீடு. விவசாயத்தில் பட்டயம் படித்த இரண்டு வருஷத்தில் சேற்றில் கால் வைத்தாள், நெல்லும் வேர்க்கடலையும் பார்த்தாள். மற்றதெல்லாம் புத்தகத்தில் பார்த்ததுதான். ஆனால் கூப்பிடுகிறவர்கள் விடுவார்களா? "எந்த ஊரு தாயி உங்களுக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். "மதுராந்தகம் பக்கம் ஐயா, அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர்" என்று இவளும் கூசாமல் சொல்லிவிடுவாள். பொய்தான். ஆற்றோரத்து ஆள் என்று சொன்னால் எவன் நம்பி உரம் போடுவான்?

அந்தப் பொய்யை நம்பியவர்களில் ஒருவர் வெள்ளைச்சாமி. விளாத்திகுளம் பக்கம் மூன்று ஏக்கர் கரிசல் காடு. நாற்பத்தைந்து வயதிருக்கும். குரலை வைத்து இவள் போட்ட கணக்கு அது. புரட்டாசியில் முதல்முறை கூப்பிட்டபோதே மனிதர் நெஞ்சில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார்.

"எங்க ஊருல எல்லாரும் மல்லிதாம் போடுவோம் தாயி. கொத்தமல்லி. கீரைக்கு இல்ல, வெதைக்கு. போன வருசம் மூணு ஏக்கருக்கும் சேத்து பத்து மூடைதாம் கண்டேன், நாப்பது கிலோ மூடை. எந்தம்பி அங்கன தி. நகர்ல பாத்திரக் கட வச்சிருக்காம். அவனுக்கும் காட்டுல பங்கு உண்டு. கரண்டு எடுக்குத சோலார் தகடு போட ஒரு கம்பெனிக்காரன் முப்பது வருசத்துக்குக் குத்தகை கேட்டு நிக்கான். தம்பி குடுத்துருவோம்ங்கான். இந்த ஒரு வெள்ளாமை பாப்போம், பத்து மூடைக்கு மேல வரலைன்னா நீ காட்டுத எடத்துல கையெழுத்துப் போடுதேன்னு சொல்லிட்டேன். இப்ப நீங்கதாம் ஒரு வழி சொல்லணும்."

பாஞ்சாலி வழி சொன்னாள். விதையை லேசாகத் தேய்த்து, உருண்டை இரண்டாகப் பிளக்கும்படி உடைக்கச் சொன்னாள். சாம்பல்சத்து உப்பைத் தண்ணீரில் கரைத்து அதில் பதினாறு மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தச் சொன்னாள். கையால் அள்ளி வீசாமல் வரிசை பிடித்து, வரிசைக்கு வரிசை ஒரு சாண் விட்டு விதைக்கச் சொன்னாள். முளைத்த பிறகு நெருக்கமாக இருப்பதைப் பிடுங்கிக் கலைக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் அவர் இரண்டு தடவை கேட்டு, தானும் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொண்டார். ஊர் சும்மா இருக்குமா? "வெள்ளைச்சாமி மல்லிக்கு ஊறல் போடுதாம்டோய், சாராய வாசன வருதா பாருங்க" என்று டீக்கடையில் ஓட்டினார்களாம். முளைத்த நாற்றைப் பிடுங்கி எறிந்தபோது அவர் பெண்டாட்டியே இரண்டு நாள் பேசவில்லையாம். கூப்பிடும்போதெல்லாம் இவளையே கேட்டு வாங்கிப் பேசுகிறவர், அதையும் போனில் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பாஞ்சாலியை என்னவோ செய்துவிட்டது. இவ்வளவு நம்புகிற ஒருவருக்கு, கண்ணால் பார்க்காத பயிரைப் பற்றிப் பேசுகிறோமே என்று உறுத்தியது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற அக்காவிடம் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கேட்டு வாங்கினாள். மண் நிரப்பினாள். வெள்ளைச்சாமி விதைத்த அதே ஐப்பசி நாளில், மளிகைக் கடைத் தனியாவை அதே மாதிரி உடைத்து ஊறவைத்து, மூன்றே மூன்று வரிசை விதைத்து வீட்டு மதில்மேல் வைத்தாள். ஒரு அடி அகலக் காடு. அவள் அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அஞ்சு ரூபா குத்தா கட்டு கட்டா தரான். இதுக்கு ஒரு பொட்டி, ஒரு மண்ணு, ஒரு படிப்பு!"

மார்கழி நடுவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வேலை முடிகிற நேரத்துக்கு வெள்ளைச்சாமி கூப்பிட்டார். அவர் குரலில் சந்தோஷமும் பயமும் கலந்து இருந்தன.

"தாயி, காடு பூத்துருச்சு. வெள்ளவெளேர்னு கெடக்கு. இப்பிடி ஒரு பூவ நான் கண்டதில்ல. ஆனா தண்டுல அசுவினி அப்பிக் கெடக்கு. பொடிப் பூச்சி, சாறு உறிஞ்சுது. வளர விட்டா பூவெல்லாம் கருகிரும்."

திரையில் மருந்து வந்தது. லிட்டருக்கு எத்தனை மில்லி என்பதும் வந்தது. படித்தாள். அவர் எழுதிக்கொண்டார்.

"எப்ப அடிக்க?"

திரையில் அது இல்லை. பாஞ்சாலி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "காலையிலயே அடிச்சிடுங்க ஐயா. ஏழு ஏழரைக்கெல்லாம். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும்."

அவள் தெருவில் எல்லாக் காரியமும் காலையில்தான். விடியும் முன்னே தண்ணீர் லாரி. அதற்கு முன்னால் கழிப்பறைக்கு வரிசை. வெயில் ஏறுவதற்குள் முடியாத வேலை அன்றைக்கு முடியாது. பிறந்ததிலிருந்து உடம்பில் ஊறிப்போன அந்தப் பழக்கம்தான் வாய் வழியே வந்தது. "திங்கக்கெழம காலைல ஆள் வச்சு அடிச்சிருதேன்" என்று அவரும் நிம்மதியாகப் போனை வைத்தார். இவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

மறுநாள் ஞாயிறு. எட்டு மணி இருக்கும். பாஞ்சாலி பல்கூடத் துலக்காமல் படுத்திருந்தாள். வெளியிலிருந்து அம்மா கத்தினாள்.

"ஏய், இன்னாடி இது! ஒன் பொட்டில ஈ மொச்சிக்கினு கீது. எத்துக்கினு போயி ஆத்துல கடாசு!"

எழுந்து போய்ப் பார்த்தாள். மூன்று வரிசையும் பூத்திருந்தன. குட்டிக் குட்டிக் குடையாக வெள்ளைப் பூ. அதில் மொய்த்தவை ஈக்கள் இல்லை, தேனீக்கள். ஒன்று ஒரு பூவில் உட்காரும், முகத்தைப் புதைக்கும், காலெல்லாம் மாவாக அடுத்த பூவுக்குத் தாவும். ஒரு அடிப் பெட்டியில் ஒன்பது தேனீ. சிமென்டும் சாக்கடையும் தவிர ஒன்றுமில்லாத இந்த ஆற்றோரத்தில் இவை எங்கிருந்து வந்தன, யார் சொல்லி வந்தன என்று ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் மாட்டிய கடிகாரம் எட்டேகால் காட்டியது.

அப்போதுதான் உறைத்தது.

அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. கொத்தமல்லியில் பூ விதையாக வேண்டுமென்றால் தேனீ வந்து மகரந்தம் மாற்ற வேண்டும். தேனீ வருவது காலையில். அதனால் பூக்கிற சமயத்தில் மருந்து அடித்தே ஆகவேண்டுமென்றால் அவை கூட்டுக்குத் திரும்பிய பிறகு, சாயங்காலம் அடிக்க வேண்டும். அழகாக எழுதி இரண்டு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். அந்தப் பதில் நேற்று எங்கே போயிருந்தது? தேனீக்கள் மேயும் வேளை பார்த்து விஷம் தெளிக்கச் சொல்லியிருக்கிறாள். தேனீ செத்தால் அந்த வெள்ளைக் காடு வெறும் வைக்கோல். வெள்ளைச்சாமி கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

ஆனால் இன்னும் ஒரு நாள் இருக்கிறது. திங்கட்கிழமை என்றுதானே சொன்னார்?

அவர் நம்பர் இவளிடம் இல்லை. அழைப்பெல்லாம் இயந்திரம் வழியாக வருவது. ஆலோசகர்களுக்கு நம்பரைக் காட்டாது. அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. நம்பரைப் பார்க்கிற அதிகாரம் குழுத் தலைவி வைதேகிக்கு உண்டு. அவள் போனோ அணைத்துக் கிடந்தது. பாஞ்சாலி முகத்தைக் கழுவிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் தொற்றி மயிலாப்பூர் போய் இறங்கினாள். மாட வீதிக்குப் பின்னால் வைதேகியின் வீடு. ஒருமுறை கொலுவுக்கு வந்து சுண்டல் வாங்கிப்போன வீடு. கதவைத் திறந்தது அவள் மாமனார்.

"வைதேகியா? கச்சேரிக்குப் போயிருக்கா. மார்கழி ஞாயித்துக்கிழமைல அவளை ஆத்துல தேடறயே! போனையும் அணைச்சு வச்சுண்டுதான் உக்காருவா. வேணும்னா தெருக்கோடி சபாவுக்குப் போய்ப் பாரு."

போனாள். சபா வாசலில் காவலாளி டிக்கெட் கேட்டார். கச்சேரி கேட்க வரவில்லை, ஆளைப் பார்க்க வேண்டும் என்றாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் அவர். மல்லிக் காடு, மருந்து, தேனீ என்று அவரிடம் விளக்க முடியுமா? கேன்டீன் வாசலில் போய் நின்றாள். உள்ளே பாட்டு முடிந்தாலும் முடியாவிட்டாலும் மயிலாப்பூர்க்காரர்கள் காபிக்கு வெளியே வந்துதான் ஆகவேண்டும் என்ற கணக்கு. கணக்குத் தப்பவில்லை. ஒரு மணி நேரம் நின்று கால் கடுத்தபோது, பட்டுப் புடவையும் கையில் டம்ளருமாக வைதேகி வந்தாள்.

"பாஞ்சாலி? நீ எங்கே இங்கே? அழுதுண்டு வேற நிக்கறே!"

அழுவது அதுவரை பாஞ்சாலிக்கே தெரியாது. கோர்வையில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். வைதேகி நாற்பத்தெட்டு வயதுக்காரி, எதையும் விதிப்படி செய்கிறவள், ஆலோசகர்கள் இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தால் முகம் பார்க்க மாட்டாள். அவள் காபியை ஆற்றவும் மறந்து கேட்டாள்.

"லீவு நாள்ல வெளி அழைப்பு பண்ணக் கூடாதுன்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்" என்றாள். பிறகு குடிக்காத காபியை அப்படியே வைத்துவிட்டு நடந்தாள். "வா, ஆத்துக்குப் போலாம். லேப்டாப் அங்கதான் இருக்கு."

பதினொன்றேகால் ஆகியிருந்தது. வைதேகி வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப்பைத் திறந்து நம்பரைத் தேடி, அலுவலக இணைப்பு வழியாகவே வைதேகியின் போனில் அடித்தார்கள். நாலு தடவை மணி அடித்ததும் வெள்ளைச்சாமி எடுத்தார். இவள் குரலைக் கேட்டதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"தாயி! நீங்களே கூப்புட்டுட்டீகளா! நாளைக்கு வாரேன்னவன் இன்னைக்கே தெளிப்பானோட வந்து நின்னுட்டாம். சரின்னு ஏழு மணிக்கு ஆரம்பிச்சோம். நீங்க சொன்ன அளவு, நீங்க சொன்ன நேரம். ஒரு சொட்டுக் கூடுதல் கொறச்சல் இல்ல. மூணு ஏக்கரும் முடிச்சாச்சு. இப்பதாம் கைகால் கழுவுதேன்."

எதிரே உட்கார்ந்திருந்த வைதேகி போனின் வாய்ப் பக்கத்தைக் கையால் பொத்தினாள்.

"ஆனது ஆயிடுத்து. இனிமே சொல்லி என்ன ஆகப் போறது? நன்னாருக்கேளான்னு கேட்டுட்டு வச்சுடு. இதெல்லாம் பதிவாறது, தெரியுமோன்னோ? தப்புன்னு உன் வாயால சொன்னா உன் வேலைக்கே வேட்டு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வைத்துவிட்டால் எவருக்கும் தெரியப் போவதில்லை. மாசியில் விளைச்சல் குறைந்தால் மழையைத் திட்டுவார், பனியைத் திட்டுவார், வரிசை விதைப்பைத்தான் திட்டுவார். தம்பி சொன்ன இடத்தில் கையெழுத்தும் போடுவார். எந்தக் கட்டத்திலும் பாஞ்சாலியின் பெயர் வராது. அது நினைவுக்கு வந்ததும்தான் அவளுக்குத் தாங்கவில்லை. வைதேகியின் கையை மெல்ல விலக்கினாள்.

"ஐயா, நான் தப்பாச் சொல்லிட்டேன். பூ இருக்கும்போது காலைல மருந்து அடிக்கக் கூடாது. தேனீ வர நேரம் அது. சாயந்தரம்தான் அடிச்சிருக்கணும். தேனீ செத்துட்டா காய் பிடிக்காது. நான்தான்யா தப்பாச் சொன்னேன்."

அந்தப் பக்கம் தூரத்தில் ஆடு கத்துவது கேட்டது.

"ஓடையோரமா கெடந்துச்சு" என்றார் வெள்ளைச்சாமி. குரல் இறங்கியிருந்தது. "பொத்துப் பொத்துன்னு விழுந்து கெடந்துச்சு. நான் என்னமோன்னு நெனச்சேன்." பிறகு கேட்டார்: "உங்கப்பாருக்கு ரெண்டு ஏக்கர் இருக்குன்னு சொன்னீகளே. இது தெரியாமலா இருந்தீக?"

"எங்கப்பாக்கு நெலமே இல்லைங்க" என்றாள் பாஞ்சாலி. எப்போதும் போனில் பேசுகிற பதமான தமிழ் அத்தோடு கழன்று போயிற்று. "மெட்ராஸ்ல ஆத்தோரம்தான் எங்க வூடு. மல்லி பூத்தா எப்பிடி கீதுன்னு இன்னிக்கித்தான் மொத தபா பாத்தேன். அதான் ஓடியாந்தேன். ஆனா ஒண்ணு கேளுங்க, இப்ப விரிஞ்சிருக்கிறது நடுத்தண்டுப் பூதான். பக்கக் கெளைப் பூ இன்னும் வரணும். மருந்து வேகம் அடங்கினப்புறம் தேனீப் பெட்டி கொண்டாந்து வச்சா…"

போன் துண்டிக்கப்பட்டிருந்தது. திரும்ப அடித்தார்கள். எடுக்கவில்லை. மூன்று தடவை.

திங்கட்கிழமை எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் வேடிக்கை என்னவென்றால், தப்பாகச் சொன்னதற்காக அல்ல, தப்பு என்று சொன்னதற்காகத்தான் எச்சரிக்கை. நிறுவனத்தின் ஆலோசனை பிழையென்று அனுமதியின்றி வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தது. இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்றும் எழுதியிருந்தது. விடுமுறை நாளில் நம்பரைத் திறந்து கொடுத்ததற்கு வைதேகிக்கும் ஒன்று வந்தது. இருபது வருஷ வேலையில் அவள் வாங்கிய முதல் கடிதம். பாஞ்சாலி அவள் முகத்தைப் பார்க்கவே கூசினாள்.

ஆனால் புதன்கிழமை மத்தியானம் அந்த வைதேகிதான் ஒரு துண்டுத் தாளைப் பாஞ்சாலியின் மேசைமேல் வைத்தாள். 'வலியுல்லா, தேனீப் பெட்டி, ராஜபாளையம்' என்று எழுதி அடியில் நம்பர்.

"போன வருஷம் நம்ம லைனுக்குக் கூப்பிட்டவர். பூ இருக்கிற காடா தேடித் தேடிப் பெட்டி வைக்கறார். என்னைப் பாக்காதே, நான் ஒண்ணும் சொல்லலை. சாப்பாட்டு நேரத்துல உன் சொந்த போன்ல பேசிக்கோ."

வலியுல்லாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. மருந்து அடித்த காட்டுக்கு என் பிள்ளைகளை அனுப்பமாட்டேன் என்றார். பிள்ளைகள் என்றால் தேனீக்கள். காலையில் அடிக்கச் சொன்ன அந்தப் புத்திசாலி யார் என்றும் கேட்டார். "நான்தான் பாய்" என்றாள் பாஞ்சாலி. மனிதர் இதை எதிர்பார்க்கவில்லை. குரலைத் தணித்து, பத்து நாள் போகட்டும், அதற்குள் அந்தக் காட்டில் வேறெதுவும் அடிக்கக் கூடாது, நானே போய்ப் பார்க்கிறேன் என்றார். வெள்ளைச்சாமியின் ஊரையும் காட்டு அடையாளத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். போனாரா, பெட்டி வைத்தாரா, வெள்ளைச்சாமி விரட்டினாரா, எதுவும் தெரியவில்லை. பொங்கலுக்குப் பிறகு வலியுல்லாவுக்கு அடித்தபோது போன் போகவில்லை. காட்டுக்குள் இருந்தால் சிக்னல் கிடைக்காது என்று வைதேகி சமாதானம் சொன்னாள்.

தை முழுக்க பாஞ்சாலி வேலைக்குப் போனாள், வந்தாள். கத்திரிக்கும் தக்காளிக்கும் பதில் சொன்னாள். மருந்து என்று யார் கேட்டாலும் பூ இருக்கிறதா என்று முதலில் கேட்டாள். எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் மெட்ராஸ் என்றே சொன்னாள். ஒருவரும் அதற்காகப் போனை வைத்துவிடவில்லை. தி. நகருக்கு அம்மாவோடு புடவை எடுக்கப் போனபோது, ரங்கநாதன் தெருவில் ஒவ்வொரு பாத்திரக் கடையாக நின்று கல்லாவில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்தாள். இவர்தான் அந்தத் தம்பியோ? கையெழுத்து வாங்கிவிட்டாரோ? "இன்னாடி, ஆளுங்கள மொறச்சிப் பாத்துக்கினே வர்ற?" என்று அம்மா திட்டினாள். இவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

மாசி பிறந்து இரண்டாம் வாரம். காலை பத்தரை. ஹெட்செட்டில் மணி அடித்தது.

"வணக்கம், உழவர் உதவி மையம், பாஞ்சாலி பேசுறேன்."

"வெள்ளைச்சாமி பேசுதேன்."

அவள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். 'தாயி' என்ற சொல் வரவில்லை என்பதைக் கவனித்தாள்.

"மல்லி அடிச்சு மூடை பிடிச்சாச்சு" என்றார். "பதிமூணு மூடை."

பதின்மூன்று. பத்துக்கு மேல்! ஆனால் அவர் விடவில்லை.

"வேளாண்மை ஆபீசர் வந்து பாத்தாரு. நடுத்தண்டுல எல்லாம் வெறும் உமி. பக்கக் கெளையிலதாம் மணி. பெட்டிக்கார பாய் வந்து வச்சாரே, அந்தத் தேனீ பண்ண வேல. நடுத்தண்டும் காய்ச்சிருந்தா பதினெட்டு கண்டிருக்கும்னு சொல்லுதாரு. அஞ்சு மூடை போச்சு."

"என்னாலதாங்க போச்சு."

"ஆமா. உங்களாலதாம். அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு நீங்க எதுர இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னே தெரியாது. பாய்கிட்டயும் நீங்கதாம் தப்புன்னு ஒத்துக்கிட்டீகளாமே. அவருதாம் சொன்னாரு. சரி, அது கெடக்கட்டும். தம்பிகிட்டப் பேசிட்டேன். பதிமூணுன்னதும் ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாம். காடு கையில இருக்கு. இப்ப ஒரு காரியம் செய்யணும் நீங்க."

"சொல்லுங்கய்யா."

"இங்கன டீக்கடையில பதினாலு பேரு உக்காந்திருக்காக. ஊறல் போடுதாம்னு சிரிச்ச அதே ஆளுகதாம். வர்ற ஐப்பசிக்கு நாங்களும் வரிசையிலதாம் வெதைக்கப் போறோம்ங்காக. போனை ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன். எப்பிடி ஊறவைக்கணும், எப்பிடி வெதைக்கணும்கிறத நான் சொல்லிருவேன். மருந்து விசயம் மட்டும் நீங்க உங்க வாயால சொல்லணும். எது தப்பு, அது எப்பிடி நடந்துச்சு, எல்லாத்தையும்."

பாஞ்சாலி திரையைப் பார்த்தாள். மூலையில் பதிவாகிறது என்று காட்டுகிற சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு முறை என்றால் வேலை இல்லை என்ற கடிதம் மேசை இழுப்பறையில் இருந்தது. தலையை உயர்த்தினாள். இரண்டு மேசை தள்ளி வைதேகி நின்றுகொண்டு, இந்த அழைப்பைத் தன் காதிலும் கேட்டுக்கொண்டிருந்தாள். பொத்துவதற்குக் கை எதுவும் வரவில்லை. வைதேகி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றாள் பாஞ்சாலி. "என் பேரு பாஞ்சாலி. மெட்ராஸ்காரி. எங்களுக்கு நெலம் கெடையாது. மார்கழில வெள்ளைச்சாமி ஐயா காடு பூத்திருந்துச்சு. அசுவினிக்கு மருந்து எப்ப அடிக்கன்னு கேட்டாரு. நான் யோசிக்காம காலைலன்னு சொல்லிட்டேன். காலைலதான் தேனீ வரும். அதுங்க எல்லாம் செத்துப் போச்சு. அதனால அவருக்கு அஞ்சு மூட்டை போச்சு. நீங்க பூ இருக்கும்போது முடிஞ்ச வரைக்கும் மருந்தே அடிக்காதீங்க. அடிச்சுத்தான் ஆகணும்னா பொழுது சாஞ்சு தேனீயெல்லாம் போனப்புறம் அடிங்க. நானே காலைல அடிக்கச் சொன்னாக்கூட அடிக்காதீங்க."

டீக்கடையில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பாஞ்சாலி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு பெண் குரல் வந்தது. வயல் வேலை செய்து கரகரத்த குரல்.

"ஏத்தா, ஒன் பேச்சைக் கேட்டு அவருக்கு அஞ்சு மூடை போச்சு. ஒன் பேச்சைக் கேட்டுத்தாம் போன வருசத்தவிட மூணு மூடை கூடவும் வந்துருக்கு. ரெண்டும் நெசந்தான?"

"ரெண்டும் நெசந்தாங்க."

"அப்பச் சரி. ஊருக்கு வார எந்தக் கம்பெனிக்காரனும் போனதைச் சொல்லமாட்டாம், வந்ததை மட்டுந்தாம் சொல்லுவாம். எம் பேரு முத்துலட்சுமி. எனக்கு ரெண்டு ஏக்கர் இருக்கு. ஐப்பசில ஒங்கிட்டக் கேட்டு வெதைக்குதவங்கள்ல எம் பேரை மொதல்ல எழுதிக்க தாயி."

பாஞ்சாலிக்குத் திரையில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது, கண் கலங்கியிருந்தது. வைதேகி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பெயரை அடித்தாள்.

"எழுதியாச்சுங்க" என்றாள் பாஞ்சாலி. "அடுத்தவங்க பேரைச் சொல்லுங்க."